ஊருக்கு அனுப்பினால் பிள்ளை தப்பிவிடுமா?

34 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மிட்வைஃபாக, வேலை செய்தேன். முதல் 11 வருடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். மிச்சமெல்லாம் கொழும்பு வடக்கில், மட்டக்குளி, மோதரைப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பக்கத்தில் உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதி வருகிறேன். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் வளரும் பிள்ளைகளைப் பற்றியவை. ஐந்தை எடுத்திருக்கிறேன். எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, தரம் 9. கணவர் கட்டாரில். நானும் மகளும் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன கிழமை அவளுடைய போனைப் பார்த்தேன். டியூஷன் வகுப்பில் படிக்கும் ஒரு பொடியனோடு இரவு 1 மணி வரைக்கும் மெசேஜ் போட்டிருக்கிறாள். ‘செல்லம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அடித்துவிட்டேன். போனையும் பறித்துவிட்டேன். என் அம்மா கொக்கட்டிச்சோலையில் இருக்கிறார். கொழும்பு பிள்ளைகளைக் கெடுத்துவிடும், ஊரில் என்றால் கட்டுப்பாடாக வளரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே அனுப்பிவிடவா?

— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, உங்கள் ஊரை எனக்கு நன்றாகத் தெரியும். கொக்கட்டிச்சோலை நான் வேலை செய்த படுவான்கரையில்தான் இருக்கிறது. மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல்தானே. நான் வேலை செய்த காலத்தில் சைக்கிளைப் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவைப் படகில்) ஏற்றி, வாவியைக் கடந்துதான் அந்தப் பக்கக் கிராமங்களுக்குப் போவேன். அதனால் ‘ஊரில் என்றால் கட்டுப்பாடு’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சில முகங்கள் நினைவுக்கு வரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு 15 வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு பொடியனோடு குளக்கட்டில் நின்று கதைத்ததை யாரோ கண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். தகப்பன் அடித்தார். ‘இனி உன்னை யார் கட்டப் போகிறான்’ என்று தாய் அழுதார். மூன்றாம் நாள் பிள்ளை அந்தப் பொடியன் வீட்டுக்கே போய்விட்டது. போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. அடுத்த வருடம் என் கிளினிக்குக்கு வயிற்றோடு வந்தாள். தராசில் ஏற்றினேன், 38 கிலோ. ‘மிஸ், அண்டைக்கு நாங்க சும்மா கதைச்சதுதான்’ என்றாள். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அவளைப் பெண்சாதியாக்கியது அந்தப் பொடியன் இல்லை, ஊரின் வாய்.

அப்போது அங்கே போன் இல்லை, இன்டர்நெட் இல்லை, பல வீடுகளில் மின்சாரமே இல்லை. ஆனாலும் என் பதிவேட்டில் 16, 17 வயதுத் தாய்மார் இருந்தார்கள். சண்டை நடந்த வருடங்களில் வயதுக்கு வந்த பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் பயந்து அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். தாலி ஏறிய பிள்ளையை ஆயுதம் வைத்திருப்பவர்கள் தொடமாட்டார்கள் என்று நம்பினார்கள். தாய் குவைத்துக்கும் சவூதிக்கும் போன வீடுகளில் மூத்த மகள் 13 வயதிலேயே அடுப்படிக்கு வந்தாள், தம்பி தங்கைகளை வளர்த்தாள், பள்ளிக்கூடத்தை விட்டாள். பள்ளிக்கூடத்தை விட்ட பெண் பிள்ளைக்கு அடுத்தது கலியாணம்தான் என்று ஊரே நினைத்தது, அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே மனம் கனக்கிறது. பிள்ளைகளிடம் கை வைத்தவர்களில் நான் கண்ட ஆட்கள் பெரும்பாலும் வெளியார் இல்லை. வீட்டுக்குள் உரிமையோடு வந்துபோனவர்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? என்னிடம் சொல்ல வந்தால்கூட, கிளினிக் வாங்கில் இருக்கும் இரண்டு பேர் அவள் வீடு போய்ச் சேரும் முன் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

கொழும்பில் நிலைமை தலைகீழ். அங்கே கண்கள் கூட, இங்கே கண்ணே இல்லை. உங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் மகளின் பெயர் தெரியுமா? பள்ளிக்கூடம் 1.30க்கு விடும், பிறகு ஒரு வகுப்பு, அது முடிய இன்னொரு வகுப்பு, வீடு வந்துசேர இரவு 8 மணி. நடுவில் இருக்கும் ஆறு மணித்தியாலத்தில் அவள் யாரோடு சாப்பிட்டாள், எந்த பஸ்ஸில் வந்தாள், பஸ்ஸில் யாராவது உரசினார்களா என்று கேட்க ஆளில்லை. (பஸ்ஸிலும் ரயிலிலும் இந்த நாட்டுப் பெண்கள் படும் பாட்டை ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் ஆராய்ந்தது. 90 வீதமானோர் ஒரு தடவையாவது தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார்கள். உங்கள் மகளுக்கும் நடந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுப் பாருங்கள்.) 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது ஒன்லைன் வகுப்புக்கென்று நாங்களேதான் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தோம். வகுப்புகள் திரும்பத் தொடங்கின. போன் திரும்பி வரவில்லை.

இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நான் கண்டது ஒன்று உண்டு. மகளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் செய்திருப்பீர்கள். மண்டபம் எடுத்து, 300 பேருக்குச் சாப்பாடு போட்டு, ஆரத்தி எடுத்து, வீடியோவும் பிடித்து, பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டது என்று உலகத்துக்கே அறிவிக்கிறோம். அந்த 300 பேரில் ஒருவராவது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ‘உன் உடம்பில் இதுதான் நடக்கிறது. இனி ஒருத்தனைப் பிடிக்கும், நெஞ்சு படபடக்கும். அது பிழையில்லை. ஆனால் தொட விடுகிறதும் தனியே போகிறதும் வேறு விஷயம், அதைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் என்னிடம் கேள்’ என்று சொன்னதை இத்தனை வருடத்தில் இரண்டே வீடுகளில்தான் கண்டேன். ஒன்று தாண்டியடிப் பக்கம், ஒன்று மட்டக்குளி. நாங்கள் சொல்லாமல் விட்டதைக் கிராமத்தில் மச்சான்மார் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொழும்பில் போன் சொல்லிக்கொடுக்கிறது.

ஆகவே அனுப்பாதீர்கள். இப்போது அனுப்பினால் அதைத் தண்டனை என்றுதான் பிள்ளை எடுக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை மாற்றினால் படிப்பும் குலையும். அம்மாவுக்கு வயது போய்விட்டது, அவர் சோறு கொடுப்பார், கேள்வி கேட்கமாட்டார். அந்தப் பொடியனின் நம்பரோ உங்கள் மகளுக்குப் பாடமாக இருக்கும்.

முதலில் அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். தாய் மகளிடம் கேட்பதா என்று நினைக்க வேண்டாம். அடித்த கையிடம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. பிறகு அந்தப் பொடியனுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். வகுப்பில் கூடப் படிக்கிற 15 வயதுப் பொடியன் என்றால் அது வயதுக்கோளாறு, கதைத்துச் சரிசெய்யலாம். வகுப்பில் படிக்கிறான் என்று அவள் சொன்ன ஆள் 22, 23 வயது என்று தெரியவந்தால் அது காதல் இல்லை, அந்த ஆளிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். அவன் படம் கேட்டானா, தனியே சந்திக்கக் கூப்பிட்டானா, யாருக்கும் சொல்லாதே என்றானா என்று கேளுங்கள். ஒன்றுக்காவது ஓம் என்று பதில் வந்தால் சும்மா இருக்க வேண்டாம்.

போனைத் திருப்பிக் கொடுங்கள். இரவு 9.30க்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஹோலில் சார்ஜில் கிடக்கட்டும். உங்களுடையதும். கட்டாரிலிருந்து கணவர் கூப்பிடும் நேரத்தையும் அதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். அவரைப் பொலிஸ்காரர் மாதிரி நடுவில் இழுக்க வேண்டாம். தகப்பன் மகளிடம் படிப்பையும் சாப்பாட்டையும் தவிர வேறு ஏதாவது கதைக்கப் பழகட்டும். கிழமையில் இரண்டு நாளாவது வகுப்பு முடிகிற நேரம் நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலி வீதியில் நடந்து வருகிற அந்தக் கால் மணித்தியாலத்தில், முகத்தை முகம் பாராமல் நடக்கும்போது, பிள்ளைகள் எதையும் சொல்லும்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன், 17 வயது. எங்கள் நண்பர்கள் வட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஆபாச வீடியோ போடுகிறார்கள். சிலர் பெண்களோடு இருந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால் ‘நீ ஆம்பிளையே இல்லை’ என்று கேலி. பார்த்துப் பார்த்து எனக்கும் உடம்பில் ஏதோ குறை இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

— கொட்டாஞ்சேனை

பதில்: வாங்காதே தம்பி. அந்த விளம்பரங்கள் உன்னைப் போன்ற பிள்ளைகளின் பயத்தை விற்றுத்தான் பிழைக்கின்றன. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இந்த வயதில் பெரும்பாலான பொடியன்களுக்கு நடக்கிறது. அதனால் நரம்பும் தளராது, இரத்தமும் வற்றாது, படிப்பும் மறக்காது. உடம்பின் அளவும் வளர்ச்சியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவனுக்கு 12 வயதில் மீசை அரும்பும், இன்னொருவனுக்கு 16 வயதில்தான்.

குரூப்பில் பெருமையடிக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். மோதரையில் இளைஞர் கூட்டம் ஒன்றில் பொடியன்மாரிடம் வெற்றுத் துண்டுகளைக் கொடுத்து, பெயர் போடாமல் உண்மையை எழுதி மடித்துத் தரச் சொன்னேன். வாயால் வீரம் பேசியவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். துண்டுகளைப் பிரித்தால் ‘ஓம்’ என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் கீழே சின்னதாக, ‘விருப்பம் இல்லாமல்தான் போனேன், கூட்டாளிமார் கூட்டிக்கொண்டு போனார்கள்’ என்று இருந்தது. அந்தத் துண்டை எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவனை நினைக்காத நாள் குறைவு. பொய்யைக் கேட்டு வெட்கப்பட்டு, அந்தப் பொய்யை உண்மையாக்கப் போனவன் அவன்.

நீ பார்க்கிற வீடியோவில் இருப்பவர்கள் காசுக்கு நடிப்பவர்கள். வெட்டி ஒட்டியது அது. அங்கே யாரும் யாரிடமும் ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்பதில்லை, பயப்படுவதில்லை, நோய் வருவதில்லை, பிள்ளை பிறப்பதில்லை. சில வீடியோக்களில் இருக்கிற பிள்ளை நடிக்கக்கூட இல்லை, யாரோ ஏமாற்றி எடுத்ததாக இருக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவரின் அப்படியான படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். குரூப்பில் வந்தது, நான் போடவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இன்றைக்கே வெளியே வா. ‘போனில் இடமில்லை, அம்மா பார்க்கிறா’ என்று என்ன காரணத்தையும் சொல்லிக்கொள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கடையில் மருந்து தேடாமல் ஆளிடம் கேள். சுகாதார அமைச்சு இளையவர்களுக்கென்றே ‘யோவுன் பியஸ’ என்ற நிலையங்களை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடத்துகிறது. கொழும்பு 10, டீ சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. கட்டணம் இல்லை, இரகசியம் வெளியே போகாது. உன் கேள்வியை உனக்கு முன் ஆயிரம் பேர் அவர்களிடம் கேட்டிருப்பார்கள்.

கேள்வி: நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தரம் 10 படித்த மாணவி ஒருத்தி ஒரு மாதமாக வரவில்லை. விசாரித்தால், தீபாவளிக்கு ஊர் வந்த 19 வயதுப் பொடியன் ஒருவனோடு அவன் வீட்டில் இருக்கிறாளாம். அவளுக்கு 15 முடியவில்லை. அவன் கொழும்பு, புறக்கோட்டையில் கடையில் வேலை. தாய் சவூதியில். பாட்டியும் தகப்பனும் ‘ஆனது ஆகிவிட்டது, 18 வந்ததும் எழுத்து முடிப்போம்’ என்கிறார்கள். அந்தப் பொடியனும் கெட்டவன் இல்லை. நான் தலையிட்டால் இரண்டு பேருடைய வாழ்க்கையும் கெட்டுவிடுமோ என்று யோசிக்கிறேன்.

— ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், நீங்கள் தலையிடாவிட்டால் ஒருத்தியின் வாழ்க்கை நிச்சயமாகக் கெடும். அதிலிருந்து தொடங்குவோம்.

இந்த நாட்டில் ஒரு பெண் பிள்ளை சம்மதம் கொடுக்கக்கூடிய வயது 16. முன்பு அது 12 ஆக இருந்தது; 1995இல்தான் உயர்த்தினார்கள். 16க்குக் குறைந்த பிள்ளை ‘நான் விரும்பித்தான் வந்தேன்’ என்று சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது பாலியல் வல்லுறவுதான். கலியாணப் பதிவுக்கு 18 வேண்டும். (முஸ்லிம் விவாகச் சட்டம் தனியானது.) அதனால் பாட்டி சொல்கிற ‘எழுத்துக்கு’ இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அந்த மூன்று வருடத்துக்குள் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் பிறப்புப் பதிவிலிருந்து சிக்கல் தொடங்கும். அவன் கொழும்பில் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டால் இவளிடம் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பொடியன் கெட்டவன் இல்லை என்கிறீர்கள், இருக்கலாம். அவன் குற்றவாளியா, என்ன தண்டனை என்பதெல்லாம் நீதிமன்றத்தின் வேலை. அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் பெயர் அடிபடும் என்று பயந்தால் 1929க்கு எடுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணித்தியாலமும் இலவசம், தமிழில் கதைக்கலாம். அதோடு உங்கள் பிரிவின் மிட்வைஃபிடம் உடனே தெரிவியுங்கள். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது கணக்கு. தோட்டத்தில் அவர் நடக்கிற தூரம் எனக்குத் தெரியும், ஆனாலும் இந்தப் பிள்ளையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றில் இருந்தால், கலியாணம் முடித்தாளா இல்லையா என்று கேட்காமல் பதிவதுதான் எங்கள் வேலை. இந்த வயதில் இரத்தச் சோகை, இரத்த அழுத்தம், எடை குறைந்த பிள்ளை, எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூட. தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவு.

அவளைத் தனியே இருத்தி ‘நீ போனாயா, கூட்டிக்கொண்டு போனார்களா?’ என்று கேளுங்கள். பிறகு ‘ஏன் போனாய்?’ என்று. இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் பாட்டி, தகப்பன், சித்தப்பா, அவர் குடும்பம் என்று எல்லாரும் ஒரே தரையில் படுக்கிற வீட்டில் வயது வந்த பிள்ளை உடுப்பு மாற்றவும் இடமில்லை. தகப்பன் குடிக்கிறாரா? யாராவது அவளிடம் நெருங்கினார்களா? அந்த வீட்டிலிருந்து தப்புவதற்குக் கிடைத்த முதல் கதவாக அந்தப் பொடியன் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அவளைத் திரும்ப அதே காம்பராவில் கொண்டுபோய் விடுவதில் பிரயோசனம் இல்லை. இதையும் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

நகரம், கிராமம் என்று தனித்தனியாகப் பேசுகிறோம். மலைநாட்டைப் பொறுத்தவரை அப்படிப் பிரிக்க முடியாது. கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வருகிற பஸ்ஸில் புது ஜீன்ஸும் புதுப் போனும் கையில் காசும் வருகின்றன. லயத்தில் இருக்கிற 14 வயதுப் பிள்ளைக்கு அது வேறு ஓர் உலகத்தின் கதவு மாதிரித் தெரியும். அதே கொழும்புக்கு அவளை வீட்டு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று அடுத்ததாக யாராவது தரகர் வருவார். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கட்டாயக் கல்வியும் 16 வரைக்கும்தான். அதிபரிடம் இதைச் சொல்லி அவளுடைய இடத்தை அழிக்காமல் வைத்திருக்கச் செய்யுங்கள். திரும்பி வரும் நாளில் மற்றப் பிள்ளைகள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அன்று முதல் வரிசையில் உங்கள் மேசைக்கு முன்னால் அவளை இருத்துங்கள்.

கேள்வி: எனக்கு 16. இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவனுக்கு அனுப்பக்கூடாத ஒரு படத்தை அனுப்பிவிட்டேன். இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் உன் பள்ளிக்கூடக் குரூப்பில் போடுவேன் என்கிறான். வீட்டில் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள். சாக வேண்டும் போல் இருக்கிறது.

— பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: மகள், உன் கடிதம் கிடைத்த அன்றே நீ எழுதியிருந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். உன்னைப் போல இன்னும் பலர் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

குற்றம் செய்தது அவன். நம்பி அனுப்பியது உன் பிழை என்று யார் சொன்னாலும் கேட்காதே. இன்னொரு படம் அனுப்பாதே, காசும் கொடுக்காதே. கொடுத்தால் நிற்காது, கூடும். அவனுடைய கணக்கு, மெசேஜ், மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. அழிக்காதே. எடுத்த பிறகு பிளொக் பண்ணு.

1929க்கு எடு. இரவு 2 மணி என்றாலும் எடுக்கலாம். ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவச இணையச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்காக அதை 2023இல் தொடங்கினார்கள். உன் படத்தை நீ யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உன் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் இலக்கக் குறியீட்டை உருவாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் கொண்டுபோகும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தடுக்கும். பொலிஸில் சிறுவர் மகளிர் பணியகம் இருக்கிறது, ஸ்கிரீன்ஷொட்டுகளோடு பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ.

வீட்டில் யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் முடியாவிட்டால் சித்தி, மாமி, ஒரு டீச்சர். வாயால் சொல்ல வராவிட்டால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்து, ‘இது நான்’ என்று மட்டும் சொல். சாக வேண்டும் போல் இருக்கும் நேரத்தில் தனியே இருக்காதே. 1926க்கு எடு, அது தேசிய மனநல உதவி இலக்கம்.

இந்தக் கடிதத்தை வாசிக்கும் தாய் தகப்பன்மாருக்கு: உங்கள் பிள்ளை இந்தப் பக்கத்தை நீட்டினால், முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருங்கள். திட்டுவதற்கு வாழ்நாள் முழுக்க இருக்கிறது, அதற்குப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்.

கேள்வி: பேத்திக்குத் தரம் 6. பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. ஊசி போடப் போகிறார்களாம், சம்மதப் படிவம் வந்திருக்கிறது. உடலுறவால் வரும் கிருமிக்கு 11 வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஊசி? சுகாதாரப் புத்தகத்திலும் இதெல்லாம் படிப்பிக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தால் செய்து பார்க்கத்தானே தோன்றும்?

— ஒரு தாத்தா, தெஹிவளை

பதில்: ஐயா, படிவத்தில் கையெழுத்து வையுங்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. அந்தக் கிருமி உடம்பில் சேருவதற்குப் பல வருடம் முன்னால் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும், அதனால்தான் இந்த வயது. 2017 முதல் இலங்கையில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை போட்டு வருகிறார்கள். 50 வயதில் அந்தப் புற்றுநோயோடு வந்த தாய்மாரை நான் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் ஒழுக்கமாக, ஒருவரோடு வாழ்ந்த பெண்கள்தான்.

சொல்லிக்கொடுத்தால் செய்து பார்ப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, பல ஆசிரியர்களுக்கும் இருக்கிறது. அந்தப் பாடம் வந்ததும் ‘வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். யுனெஸ்கோ இதற்கென்று ஒரு வழிகாட்டியை 2009இல் வெளியிட்டு, 2018இல் திருத்தியது. பல நாட்டு ஆய்வுகளை வைத்துப் பார்த்தபோது, முறையாகப் படித்த பிள்ளைகள் அதனால் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. சில இடங்களில் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

பேத்தியிடம் கிருமி, உறவு என்றெல்லாம் இன்றைக்கே விளக்க வேண்டியதில்லை. ‘பெரியவளானபின் ஒரு புற்றுநோய் வராமல் இருக்க’ என்று சொல்லுங்கள். வலிக்குமா என்றுதான் கேட்பாள். கொஞ்சம் வலிக்கும், கை ஒரு நாள் நோகும் என்று உண்மையைச் சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று பின்னேரம் டியூஷன் வகுப்புக்கு அனுப்ப வேண்டாம்.